என் மாணவர்கள் நடத்திய பெரட்டு

ஹட்டன் கடைவீதியில் ஒரு துணிக்கடை. சனிக்கிழமை முற்பகல். சட்டைத் துணி வாங்கப் போயிருந்தேன். வாடிக்கையாளர்களின் குடைகளிலிருந்து சொட்டிய தண்ணீருக்காக வாசலில் சாக்கு விரித்திருந்தார்கள். உள்ளே புதுத் துணியின் கஞ்சி வாசனையும் ஈரக் கம்பளிச் சட்டைகளின் வாசனையும் கலந்திருந்தன.

மேசைக்குப் பின்னால் ஒரு பெண் குனிந்து துணி அளந்துகொண்டிருந்தாள். "என்ன கலர் பாக்குறீங்க மேடம்?" என்று நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நானும்தான்.

அது சுகந்தி. உயர்தர வகுப்பில் என்னிடம் புவியியல் படித்தவள். வட்டவளைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அவர்களுடைய லயத்து வரிசை வீடுகளில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

"நீ இங்க என்னம்மா பண்ற?"

"கெம்பஸ் ஸ்ட்ரைக்கு டீச்சர். சும்மா வீட்டுல இருக்க முடியல. அதான் கொஞ்ச நாளைக்கு..."

அவளோடு போன இன்னொரு பிள்ளை முந்தின நாள்தான் விரிவுரை மண்டபத்திலிருந்து எனக்குப் படம் அனுப்பியிருந்தாள். ஸ்ட்ரைக்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான் அதைச் சொல்லவில்லை. சுகந்தி எனக்கு இரண்டு மீட்டர் வெட்டினாள். வரைபடத்தில் கோடு அத்தனை நேராகப் போடும் பிள்ளை. அன்று துணியைக் கோணலாக வெட்டினாள்.

"சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்கு விடுவாங்க?" என்று கேட்டேன்.

"ஒரு மணிக்கு டீச்சர். அரை மணித்தியாலம்."

"நான் வெளியில நிக்கிறேன்" என்றேன்.

நானே சிரித்து எழுதிய வாரம்

ஒரு மணி வரை காத்திருந்தபோது என்ன நினைத்தேன் என்பதைச் சொல்வதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தத் தொடரைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு நினைவிருக்கலாம். சில வாரங்களுக்கு முன் நான் பல்கலைக்கழகம் போன கதையை எழுதினேன். சீனியர் அக்காமார் என்னை மேசை மீது ஏற்றி, தீப்பெட்டிக் குச்சியால் அறையின் நீளத்தை அளக்கச் சொன்னதைச் சிரிக்கச் சிரிக்க எழுதியிருந்தேன். வாசித்தவர்களும் சிரித்தார்கள். "எங்களுக்கும் இதே கூத்துதான்" என்று கடிதங்கள் வந்தன.

அந்த அத்தியாயத்தில் நான் எழுதாமல் விட்டேன், குச்சியால் அளந்து முடித்த பிறகு குளியலறையில் போய் வாந்தி எடுத்தேன் என்பதை. மூன்று நாள் யாருடனும் பேசவில்லை என்பதை. அடுத்த வருடம் நானும் ஒரு பிள்ளையை மேசை மீது ஏற்றினேன் என்பதை. ஆசிரியர் அறையில் இருபது வருடமாக அதை வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சொல்லி, எனக்கே அது வேடிக்கையாகிவிட்டது.

இந்த ராகிங்குக்கு நாம் வைத்திருக்கும் பெயர் பகிடிவதை. முதலில் அந்தப் பகிடியை, அந்த வேடிக்கையை, வெட்டி எறிய வேண்டும். அடி வாங்கியவன் சிரித்தால்தான் அடித்தவன் நிம்மதியாகத் தூங்குவான். நாங்கள் எல்லோரும் வருடக்கணக்காகச் சிரித்துக் கொடுத்திருக்கிறோம். அந்த அத்தியாயத்துக்காக நான் வெட்கப்படுகிறேன்.

பட்டியல்

ஒரு மணிக்கு சுகந்தி வந்தாள். கடைக்குப் பின்னால், அட்டைப்பெட்டிகள் அடுக்கிய தாழ்வாரத்தில் உட்கார்ந்தோம். ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுவந்திருந்தாள். பிரிக்கவே இல்லை.

"ஸ்ட்ரைக்கு இல்லைன்னு எனக்குத் தெரியும்" என்றேன். "யாரு?"

அவள் சொன்ன முதல் வார்த்தை என்னைத்தான் அடித்தது.

"நீங்க குடுத்த லிஸ்ட்ட வச்சுத்தான் டீச்சர் எங்கள தேடி வந்தாங்க."

இதை விளக்க வேண்டும். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் இருக்கிறது. பெறுபேறு வந்து பிள்ளைகள் தெரிவானதும், எந்தப் பல்கலைக்கழகத்துக்கு யார் போகிறார்கள் என்று ஆசிரியர்கள் ஒரு பட்டியல் எழுதுவோம். அங்கே ஏற்கெனவே படிக்கிற நம் தோட்டத்துப் பிள்ளைகள் நடத்தும் ஒன்றியத்துக்கு அனுப்புவோம். பஸ் நிலையத்தில் வந்து கூட்டிப்போகவும், விடுதி எது என்று காட்டவும், பழைய குறிப்புகள் கொடுக்கவும் நம்மவர்கள் இருக்கட்டும் என்றுதான். நானும் அனுப்பினேன். பெயர், தோட்டம், தாய் தகப்பன் பெயர், அவர்கள் என்ன வேலை என்பதுவரை எழுதினேன். கஷ்டப்பட்ட பிள்ளை எது என்று பார்த்து உதவட்டும் என்ற எண்ணம். அனுப்பியதோடு நிற்கவில்லை. பிரியாவிடையில் பிள்ளைகளை நிற்க வைத்து, "வேற யாரையும் நம்பாதீங்க, நம்ம சீனியர்மார்தான் உங்களுக்குத் துணை" என்று பேசவும் செய்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்த ஒன்றியத்தின் தலைவன் பிரதாப். டிக்கோயா பக்கத்துப் பையன். அவனும் என் மாணவன்தான். அவன் அம்மாவும் கொழுந்து எடுக்கிறவர்தான். இதை மறக்காமல் மேலே வாசியுங்கள்.

பெரட்டு

தோட்டம் தெரியாத வாசகர்களுக்காக: பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு முன் தொழிலாளர்கள் ஒரு களத்தில் வந்து வரிசையாக நிற்பது. யார் எந்த மலைக்கு, யாருக்கு என்ன வேலை என்று தோட்ட நிர்வாகியான துரையும் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையும் அங்கேதான் பிரிப்பார்கள். பிந்தி வந்தால் ஏச்சும் அங்கேதான் விழும். நம்முடைய பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து நின்ற இடம். இன்றைக்கும் நிற்கிற இடம்.

பல்கலைக்கழக மைதானத்தின் பின்பக்கம், காலை ஆறு மணிக்கு, எங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளை வைத்துப் பெரட்டு நடத்தினார்கள்.

பிரதாப்தான் துரை. தலையில் தொப்பி, கையில் பிரம்பு. ஒருவன் கணக்கப்பிள்ளை, கையில் நான் எழுதிய பட்டியல். முதலாம் வருடப் பிள்ளைகள் புத்தகப் பையைத் துப்பட்டாவால் கட்டி நெற்றியில் மாட்டிக்கொண்டு, கூடை சுமப்பது மாதிரி நிற்க வேண்டும். கொழுந்து எடுப்பவர்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்குக்குப் பதிலாகப் படுக்கை விரிப்பு. மைதானத்துப் புல்லைப் பிடுங்கிப் பையில் போட வேண்டும். நிறை குறைந்தால் தோட்டத்தில் அரைப் பேர், அதாவது பாதி நாள் சம்பளம். இங்கே நிறை குறைந்தால் அன்றைக்குப் பாதிச் சாப்பாடு.

"அதெல்லாம்கூடப் பரவாயில்ல டீச்சர்" என்றாள் சுகந்தி. "ஒவ்வொருத்தரா முன்னுக்குக் கூப்பிட்டாங்க. 'உங்கம்மா பேரு லெட்சுமியா? துரை ஏசுனா லெட்சுமி எப்படி நிப்பா, என்ன சொல்லுவா, செஞ்சு காட்டு'ன்னாங்க."

"நீ செஞ்சியா?"

"செஞ்சேன். குனிஞ்சு கும்புட்டுக்கிட்டு, 'தொரைங்களே, மன்னிச்சிருங்க, புள்ளைக்கு வருத்தம், காச்சலா கெடக்கு, அதான் பிந்திருச்சுங்க'ன்னு அழுதேன். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு நல்லா வருதுன்னு தெனமும் என்னையவே கூப்பிட்டாங்க. அப்பறம் எனக்குப் பேரே லெட்சுமிதான். கேன்டீன்ல போனாலும், 'ஏய் லெட்சுமி, கொழுந்து எங்க?'ன்னு கத்துவாங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும்.

"மூணாவது நாளு நானும் சிரிச்சேன் டீச்சர்" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அவள் ஓடிவந்தது பயத்தினால் அல்ல. தன் தாயை நடித்துக் காட்டிச் சிரித்துவிட்டு, அந்தத் தாயோடு தொலைபேசியில் பேச முடியவில்லை. அதனால்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். வீட்டிலும் ஸ்ட்ரைக் என்றுதான் சொல்லியிருக்கிறாள். தவணைப் பரீட்சைக்கு முன் திரும்பாவிட்டால் இடம் போய்விடும். பதின்மூன்று வருடப் படிப்பு, ஒரு தொப்பிக்கும் ஒரு பிரம்புக்கும் முன்னால் போகப் பார்த்தது.

சமாதானம்

அன்று பின்னேரமே பிரதாப்புக்குத் தொலைபேசியில் பேசினேன். மரியாதையான பையன். "சொல்லுங்க டீச்சர், சுகமா இருக்கீங்களா?" என்றான்.

"பெரட்டு நடத்துறியாமே?"

சிரித்தான். "அது சும்மா டீச்சர். எங்களுக்கும் அப்படித்தானே செஞ்சாங்க. இங்க வேற ஊருப் புள்ளைங்க நம்மள தோட்டக்காட்டான்னு சொல்லுவாங்க. அப்ப நம்ம புள்ளைங்க அழுதுகிட்டு நிக்கக் கூடாதுல்ல? அதுக்குத்தான் பழக்குறோம். தோல் தடிச்சாத்தான் தாங்கும்."

"அவங்க சொல்றதுக்கு முந்தி நீயே சொல்லிப் பழக்குறியா?"

"நீங்க கோவத்துல பேசுறீங்க டீச்சர்."

ஆமாம், கோபத்தில்தான் பேசினேன். இப்போது எழுதுவதும் கோபத்தில்தான். இருநூறு வருடம் துரைமார் நம்மைக் களத்தில் நிறுத்தி ஏசியது போதாது என்று, படித்து மேலே வந்த நம் பிள்ளைகளே தொப்பியைக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டு தங்கள் சொந்தத் தாய்மாரைக் கும்பிட வைக்கிறார்கள். அதற்கு ஒற்றுமை என்று பெயர். அந்தப் பெரட்டில் பிரதாப் ஏசியது சுகந்தியின் அம்மாவை மட்டுமா? அவன் அம்மாவையும்தான். அது அந்த மடையனுக்கு உறைக்கவில்லை.

பல்கலைக்கழகத்துக்குப் பேசினேன். பகிடிவதைக்குச் சட்டம் இருக்கிறது, முறைப்பாடு வாங்க ஆள் இருக்கிறார்கள், எல்லாம் இருக்கிறது. "பாதிக்கப்பட்ட மாணவியே எழுத்தில் தரட்டும். என்றைக்கு, எந்த இடத்தில், யார், என்ன சொன்னார்கள், என்ன செய்யச் சொன்னார்கள், எல்லாம் வேண்டும்" என்றார் மாணவர் ஆலோசகர். நல்ல மனிதர்தான். வாட்ஸ்அப்பில் வந்த செய்திகளை அழிக்க வேண்டாம் என்று அவர்தான் சொன்னார்.

அதற்குள் செய்தி தோட்டங்கள்வரை போய்விட்டது. இரண்டு நாளில் பிரதாப்பின் தோட்டத்துத் தலைவர், தொழிற்சங்கத்தில் இருப்பவர், பாடசாலைக்கே வந்துவிட்டார். அதிபரின் அறையில் தேநீர் குடித்துக்கொண்டே பேசினார்.

"டீச்சர், ஒரு புள்ளையோட படிப்பு கெட்டுப்போச்சுன்னு இன்னொரு புள்ளையோட படிப்பயும் கெடுக்கலாமா? அவனும் லயத்துப் புள்ளதானே. நம்மள்ல படிச்சு வெளிச்சத்துக்கு வந்தது எத்தன பேரு? விரல் விட்டு எண்ணிறலாம். நம்ம ஆளுங்கள நம்மளே காட்டிக் குடுக்கணுமா?"

அதிபர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

"ஐயா, சுகந்தி யாரு ஆளுங்க?" என்று கேட்டேன்.

"நான் அப்படிச் சொல்லல டீச்சர்..."

"அப்படித்தான் சொன்னீங்க. துணிக்கடையில நிக்கிற புள்ளைய விட்டுட்டு, கெம்பஸ்ல நிக்கிற புள்ளைக்காகப் பேச வந்திருக்கீங்க."

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். நியாயமான மனிதர், அதையும் சொல்ல வேண்டும். அவர் கேட்ட கேள்வி என்னைக் குடையவே செய்தது. பிரதாப் என் வகுப்பில் முன் வரிசையில் உட்கார்ந்தவன். அவனுக்கு நான்தான் நற்சான்றிதழ் எழுதினேன். ஆனால் அந்தக் கேள்வியை எப்போதும் அடி வாங்கியவளிடம் மட்டும்தான் கொண்டு வருகிறார்கள். பிரம்பைக் கையில் எடுக்கும்போது, "அவளும் லயத்துப் பிள்ளைதானே" என்று அவனிடம் போய்ச் சொல்ல ஒரு தலைவரும் இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

லயத்தில்

சுகந்தி எழுத மாட்டேன் என்றாள். "எழுதினா எங்கம்மாவப் பத்தி எழுதணும் டீச்சர். நான் செஞ்சு காட்டுனத எழுதணும். அம்மாவுக்குத் தெரிஞ்சிரும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். மழை விட்டு, லயத்துக் கூரைத் தகரமெல்லாம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. லெட்சுமி என்னைக் கதிரையில் உட்கார வைத்துவிட்டுப் பிளேன்டீ கொண்டுவந்தார். விரல் நுனிகளில் கொழுந்துக் கறை. ஒல்லியான, நிமிர்ந்த பெண்.

"ஸ்ட்ரைக்கு எப்ப டீச்சர் முடியும்?" என்று கேட்டார்.

நான் சுகந்தியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"ஸ்ட்ரைக்கு இல்லம்மா" என்றேன். "சுகந்தி சொல்லட்டும்."

சுகந்தி சொன்னாள். பாதிதான் சொன்னாள். பெரட்டில் நிற்க வைத்தார்கள், வரிசையில் நிறுத்தி ஏசினார்கள் என்றதோடு நிறுத்திக்கொண்டாள். லெட்சுமிக்கு விளங்கவில்லை.

"பெரட்டுல நிக்கிறதா? அதுக்காகவா படிப்ப விட்டுட்டு வந்த? நான் இருபத்திரண்டு வருசமா நிக்கிறேன். அது என்ன கேவலமா?"

குரலில் கோபம். மகள் தன் வேலையைப் பற்றி வெட்கப்படுகிறாள் என்று நினைத்துவிட்டார். அதைவிட அந்தப் பிள்ளைக்கு வேறு தண்டனை வேண்டுமா? சுகந்தி எழுந்து அறைக்குள் போனாள். ஒரு கொப்பியைக் கொண்டுவந்தாள். எழுத மாட்டேன் என்று என்னிடம் சொன்னவள், ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள். நின்றபடியே வாசித்தாள். பெயர்கள், நாட்கள், இடம். பிரதாப் சொன்னது. அவள் குனிந்தது. கும்பிட்டது. "தொரைங்களே, மன்னிச்சிருங்க" என்றது. மற்றவர்கள் சிரித்தது. தானும் சிரித்தது.

வாசித்து முடித்தபோது அடுத்த வீட்டு வானொலி மட்டும் கேட்டது.

"யாரு கும்புட்டா?" என்றார் லெட்சுமி.

"நான்தாம்மா."

"நீ இல்ல. லெட்சுமி கும்புட்டான்னு செஞ்சு காட்டுனியே, லெட்சுமி எப்ப கும்புட்டா? நீ பாத்தியா?"

சுகந்தி கொப்பியை மூடினாள்.

"ஒனக்கு வருத்தம் வந்த அன்னைக்குப் பிந்திப் போனேன். நெசந்தான். தொரை ஏசுனாரு. கூடைய எறக்கி வச்சுட்டு, 'ஏசாம பேசுங்க, வேல குடுத்தாக் குடுங்க, இல்லாட்டி வீட்டுக்குப் போறேன்'னு சொன்னேன். பொம்பளைங்க எல்லாம் என் பக்கம் வந்து நின்னாங்க. வேல குடுத்தாங்க. யாரயும் கும்புடல." அவர் கண்கள் சிவந்திருந்தன. "இத்தன படிச்சும் ஒனக்கு ஒங்கம்மாவத் தெரியலையே. நான் யாரயும் கும்புடலங்கறதயும் அதுல எழுது. எழுதிட்டு நாளைக்கே கெம்பசுக்குக் கெளம்பு. நானும் வர்றேன்."

சுகந்தி அந்த வரியை எழுதினாள். நான் பக்கத்தில் இருந்தும் ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை.

விசாரணை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரதாப்பும் இன்னும் இரண்டு பேரும் ஒரு தவணை முழுதும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். அவன் இன்று என்னோடு பேசுவதில்லை. ஹட்டன் பஸ் நிலையத்தில் என்னைக் கண்டால் அவன் அம்மா தலையைத் திருப்பிக்கொள்கிறார். அது வலிக்கிறது, வலிக்கட்டும். நான் இப்போது எந்த ஒன்றியத்துக்கும் பட்டியல் அனுப்புவதில்லை. சுகந்தி இரண்டாம் வருடம் படிக்கிறாள். சில பேர் இன்னும் அவளோடு ஒரே மேசையில் சாப்பிடுவதில்லை.

விசாரணை ஒரு நீளமான அறையில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் சுகந்தி, துணைக்கு நானும் லெட்சுமியும். லெட்சுமி கல்யாணத்துக்குக் கட்டும் சேலை கட்டியிருந்தார். சுவரோரம் பிரதாப், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில்.

தலைமை வகித்தவர் முறைப்பாட்டை உரக்க வாசித்தார். "தொரைங்களே" என்ற இடம் வந்தபோது பிரதாப் லெட்சுமியை ஒருமுறை பார்த்தான். லெட்சுமி அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவன்தான் குனிந்தான்.

கடைசி வரிக்கு வந்ததும் அவர் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மகள், மற்றதெல்லாம் தெளிவாக இருக்கிறது. ஆனால் இந்தக் கடைசி வரி, 'என் தாயார் லெட்சுமி ஒருநாளும் யாரையும் கும்பிட்டு வேலை கேட்டவர் அல்ல' என்பது சம்பவத்தோடு சம்பந்தப்பட்டதல்ல. அதை வெட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டால் கோப்புக்குச் சுத்தமாக இருக்கும்."

பேனையை அவள் பக்கம் தள்ளினார்.

சுகந்தி பேனையை எடுத்தாள். எடுத்து, மூடியைக் கழற்றாமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"வெட்ட மாட்டேன் சேர். மத்ததெல்லாம் அவங்க செஞ்சது. இது ஒன்னுதான் நான் சொல்ல வந்தது."